நூற்றெட்டாம் சங்கீதம் வாசித்த கம்பவுண்டர்

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் மனம் உடைந்து அழுதவர்கள் எல்லோரும் என் தம்பி ஞானசிகாமணியிடம் சீட்டு வாங்கிக்கொண்டுதான் அழுதிருக்கிறார்கள். எல்லோரும் என்பது கொஞ்சம் மிகைதான், ஒத்துக்கொள்கிறேன். அம்பத்தூரில் ஐந்தாறு பேர் தாங்களாகவே அழுதிருக்கலாம். ஆனால் கரையான்சாவடியில் அவன் குடியிருக்கும் தெருவில், சீட்டில்லாமல் அழுத ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

சீட்டு என்றால் மருந்துச்சீட்டு. ஆவடிப் பக்கத்தில் ஒரு அரசாங்கத் தொழிற்சாலையின் டிஸ்பென்சரியில் முப்பத்தாறு வருடம் கம்பவுண்டராக இருந்தவன் அவன். தெற்கே நாசரேத்திலிருந்து இருபத்து நான்கு வயதில் ஒரு தகரப்பெட்டியோடு ரயிலேறி வந்து குவார்ட்டர்ஸில் குடிபுகுந்தான். டாக்டர்கள் வந்தார்கள், போனார்கள். அவன் மட்டும் அந்தச் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, கைகள் நீட்டுகிற சீட்டைப் படித்து, பாட்டிலை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான். ஜன்னல் அவ்வளவு தாழ்வானது. பாதிப் பேருக்கு அவன் முகமே தெரியாது. மோதிரத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை எட்டு மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். போக இடமில்லை. யாருக்காவது எதையாவது எடுத்துக் கொடுக்காவிட்டால் அவனுக்கு விரல் நமநமவென்றிருக்கும். வீட்டிலிருந்த ஒரே சரக்கு வேதாகமம். அதன் நடுவில் நூற்றைம்பது சங்கீதங்கள், நூற்றைம்பது பாட்டில்கள் மாதிரி, எண் ஒட்டி வரிசையாக நின்றன.

"அக்கா, மனுசனுக்கு வார எல்லா நோவுக்கும் இதுல சரக்கு இருக்கு. எடுத்துக் குடுக்கத்தான் ஆளில்ல" என்றான் என்னிடம்.

அன்று தொடங்கியது. கீழ் வீட்டு கோதண்டம் ஆட்டோ ஓட்டுகிறவர். தூக்கம் வரவில்லை என்று படியில் உட்கார்ந்து புலம்பினார். என் தம்பி பழைய காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதினான்: சங்கீதம் 4, படுக்குமுன் ஒரு வேளை, மெதுவாக. நிம்மதியாகப் படுத்துத் தூங்குவேன் என்று அந்தப் பாட்டின் கடைசியில் வருகிறது. கோதண்டம் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். கடைசி வசனத்துக்குப் போவதற்குள் குறட்டை விட்டார். பதினேழு நாள் எழுந்திருக்கவே இல்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஒரு சவாரியைத் தவறவிட்டார் என்பதுதான் விஷயம்.

"இன்னா மருந்து சார் அது. கும்முனு தூக்கிகினு போவுது" என்று அவர் சொல்லப் போக, கூட்டம் சேர்ந்தது. மகன் வெளிநாட்டுக்குப் போய்விட்ட அம்மாளுக்கு நூற்றிரண்டு, கூரைமேல் தனியாக உட்கார்ந்திருக்கும் குருவியின் பாட்டு, காலை மாலை. கூட வேலை பார்ப்பவனுக்குக் கிடைத்த கார் தனக்குக் கிடைக்கவில்லையே என்று வெந்துகொண்டிருந்த ஐ.டி. பையனுக்கு எழுபத்து மூன்று, உணவுக்குப் பின். கடவுள் என்னை மறந்தே போய்விட்டார் என்று வந்தவருக்குப் பதின்மூன்று. அந்தப் பாட்டு எடுத்த எடுப்பிலேயே, இன்னும் எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர் என்று கடவுளிடமே சண்டைக்குப் போகிறது. வந்தவர் மிரண்டுபோய், "சார், கடவுள் கிட்ட இப்படிக் கேக்கலாமா?" என்றார். "கேக்கலாம்னுதானே எழுதி வச்சிருக்கு. குலுக்கிட்டுக் குடிங்க" என்றான் என் தம்பி, பழக்கதோஷத்தில்.

வேம்புலியம்மாள் என்று ஒருத்தி, தம்பி வீட்டில் பாத்திரம் துலக்குகிறவள். மருமகளோடு தினமும் வாய்ச்சண்டை. அவளுக்கு நூற்று நாற்பத்தொன்று, என் வாய்க்குக் காவல் வையும் என்று கேட்கிற பாட்டு, வாயைத் திறப்பதற்கு முன் மூன்று வேளை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் தம்பி மனைவி தங்கபுஷ்பத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வாள்.

"நீ மாங்காட்டு அம்மனுக்கு விளக்கு போடுறவதானே, இது எப்படி?" என்று நான் ஒருநாள் சீண்டினேன்.

"அம்மன் சாமி, பெரியம்மா. இது மருந்து. ரெண்டும் வேற வேற டிபாட்மென்ட்டு" என்றாள்.

அவன் மருத்துவத்தில் இரண்டே சட்டம். ஒன்று, ஆரம்பித்த மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. "கோர்ஸ் முடிக்கணும்" என்பான். சங்கீதத்தை எடுத்தால் கடைசி வசனம் வரைக்கும் படித்தாக வேண்டும். இரண்டாவது, விஷ அலமாரியைத் திறக்கக் கூடாது. டிஸ்பென்சரியில் கடுமையான மருந்துகளைத் தனியாகப் பூட்டி வைப்பார்கள் அல்லவா, அதைப் போல, எதிரியின் பல்லை உடையும், அவன் வீடு பாழாகட்டும் என்றெல்லாம் கடவுளிடம் வேண்டுகிற சங்கீதங்கள் ஆறேழை அவன் ஸ்டேப்ளர் போட்டு மூடிவிட்டான். மேலே சிவப்பு மையில் 'விஷம்' என்று எழுதியிருந்தான். முப்பத்தைந்து, ஐம்பத்தெட்டு, அறுபத்தொன்பது என்று ஒவ்வொன்றாகப் போய் நூற்றொன்பதுக்கு மட்டும் நான்கு பின்.

"ஏலே, அதையும் சேத்துதானே ஆண்டவர் குடுத்திருக்காரு?" என்று கேட்டேன். நாற்பது வருடம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவள் நான், எனக்குக் கோபம் வராதா.

"மனுசனுக்குத் தாங்காதுக்கா" என்றான். "படிச்சா உள்ள இருக்கிறது வெளிய வந்துரும்."

அவன் உள்ளே இருந்தது யார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சூசைமாணிக்கம்.

சூசைமாணிக்கம் அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் இருமலோடு ஜன்னலுக்கு வந்தார். தம்பி சீட்டைப் படித்தான், 'இருமலுக்கு' என்று ஒட்டியிருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். சூசை வீட்டுக்குப் போய் ஒரு ஸ்பூன் குடித்தார். நெருப்பாக இறங்கியது. அரசாங்க மருந்து இவ்வளவு வேலை செய்கிறதே என்று சந்தோஷப்பட்டு இன்னொரு ஸ்பூனும் குடித்தார். அது முட்டிவலிக்குத் தடவுகிற தைலம். மூன்று நாள் அவர் விட்ட ஏப்பத்தில் கற்பூர வாசனை அடித்தது. அந்த வாரம் குவார்ட்டர்ஸில் மூன்று பிளாக்குக்கு ஒரு கொசுகூட வரவில்லை.

சூசை எழுத்து மூலம் புகார் கொடுத்தார். தம்பிக்கு மெமோ வந்தது: கவனக்குறைவு. பாட்டிலில் ஊற்றி லேபிள் ஒட்டுகிறவர் பின்னறையில் இருந்த வேறொருவர், தம்பி இல்லை. ஆனால் கொடுத்த கை அவனுடையது. அன்றிலிருந்து இருவரும் பேசவில்லை. ஒரே காய்கறி வண்டியில் ஒருவர் கத்தரிக்காய் பொறுக்கினால் மற்றவர் வண்டியின் அந்தப் பக்கம் போய் வெங்காயம் பொறுக்குவார். "என் கையால தப்பான மருந்து போனதே கிடையாது" என்று என் தம்பி தினமும் ஒருமுறை, யாரும் கேட்காதபோதும் சொல்வான். ஊருக்கெல்லாம் சீட்டு எழுதினவன் தனக்கென்று ஒரு சீட்டு எழுதிக்கொண்டதில்லை.

இந்த நிலையில் அவன் ஒரே மகள் நிவேதிதா, அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், வீட்டில் வந்து சொன்னாள், கூட வேலை பார்க்கும் இளங்கோவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று. நல்ல பையன், கத்தோலிக்கக் குடும்பம், மாங்காட்டில் சொந்த ஃபிளாட். அப்பா பெயர் சூசைமாணிக்கம்.

தம்பி எழுந்து சமையலறைக்குப் போய், காலி டம்ளரைத் தண்ணீர் என்று குடித்துவிட்டு வந்தான்.

"பையன் மேல எனக்கு ஒண்ணுமில்ல. அவங்கப்பன் வீட்டுப் படியை நான் மிதிக்க மாட்டேன்" என்றான்.

"அப்ப கல்யாணமே வேண்டாம்ப்பா" என்றாள் நிவேதிதா. "ரெண்டு அப்பாவும் ஆளுக்கொரு மூலையில மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்க, நடுவுல நான் மாலை போட்டுக்கிட்டு நிக்க மாட்டேன். அவன்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவள் மிரட்டுகிற பெண் அல்ல. சொன்னால் சொன்னதுதான். அந்த விஷயத்தில் அத்தையைக் கொண்டிருக்கிறாள்.

நடுவில் நான் தூது போனேன். சூசை வீட்டில் காப்பியும் முறுக்கும் சாப்பிட்டுவிட்டு அவர் பதிலை வாங்கி வந்தேன். "கம்பவுண்டர் சார் வரட்டும், பெரியம்மா. எங்க வீட்டுல உக்காந்து ஒரு சங்கீதம் வாசிச்சு ஜெபம் பண்ணட்டும். மனசுல ஒண்ணும் வச்சுக்காத மனுஷன் ஜெபம் பண்ணா தெரிஞ்சிடும். தெரிஞ்சா அப்பவே தேதி குறிச்சிடலாம். இல்லன்னா பிள்ளைங்கள நாம ஏன் கஷ்டப்படுத்தணும்."

ஆக, நிவேதிதாவின் கல்யாணம் ஒரு சங்கீதத்தில் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, கோதண்டத்தின் ஆட்டோவில் கிளம்பினோம். தம்பி, தங்கபுஷ்பம், நிவேதிதா, பழத்தட்டைத் தூக்க வேம்புலியம்மாள், பிறகு நான். ஒரு ஆட்டோவில் இத்தனை பேரா என்று கேட்காதீர்கள், கோதண்டம் அரை இருக்கையில் உட்கார்ந்து ஓட்டினார். வேம்புலியம்மாள் அம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டபடி வந்தாள்.

புறப்படும்போது நிவேதிதா அப்பா கையிலிருந்த வேதாகமத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டாள். "இதக் கொண்டு வந்தா அங்க இருக்கறவங்களுக்கெல்லாம் சீட்டு எழுத ஆரம்பிச்சிடுவீங்க. அவங்க வீட்டுலயும் பைபிள் இருக்கும்ப்பா." அவன் மறுக்கவில்லை. எந்தச் சங்கீதம் என்று இரவெல்லாம் யோசித்து முடிவுசெய்து வைத்திருந்தான். நூற்றெட்டு. என் உள்ளம் ஆயத்தமாக இருக்கிறது, பாடுவேன், வீணையே விழித்தெழு, விடியலை நான் எழுப்புவேன் என்று குதூகலமாகப் போகிற பாட்டு. கல்யாணப் பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமாக நானும் ஒன்றைச் சொல்லியிருக்க முடியாது.

சூசைமாணிக்கம் அந்த அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர். மூன்று மாதத்துக்கு முன்புதான் ஜெயித்திருந்தார். அதனால் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் பதினைந்து பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் சூசை எழுந்து, தம்பியைப் பார்க்காமல் சீலிங் ஃபேனைப் பார்த்து, "வாங்க" என்றார். தம்பியும் ஃபேனிடம், "வந்துட்டோம்" என்றான்.

"சங்கீதம் எத்தனை?" என்று ஃபேன் வழியாகவே கேட்டார் சூசை.

"நூத்தியெட்டு."

"நூத்தியெட்டா? யாருக்கு முடியல? ஆம்புலன்சு இன்னாத்துக்கு?" என்று வேம்புலியம்மாள் பதறினாள். தங்கபுஷ்பம் அவளை இழுத்து உட்கார வைத்தாள்.

சூசை உள்ளே போய் ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய தாத்தா காலத்துக் கத்தோலிக்கப் பதிப்பு. அட்டைக்குப் பதில் துணி தைத்திருந்தது. இங்கேதான் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். அந்தப் பழைய பதிப்புகளில் ஒன்பதாம் சங்கீதத்தையும் பத்தாம் சங்கீதத்தையும் சேர்த்து ஒன்றாக எண்ணியிருப்பார்கள். அதனால் அங்கிருந்து கிட்டத்தட்டக் கடைசி வரைக்கும், எங்கள் புராட்டஸ்டண்ட் வேதாகமத்தின் எண்ணுக்கு ஒன்று குறைவாக அவர்கள் எண் ஓடும். இப்போதைய பதிப்புகளில் அந்த வித்தியாசம் இல்லை. நாற்பது வருடம் பாடம் எடுத்த எனக்கு இது தெரியும். அன்றைக்கு நினைவு வந்ததா என்றால், வரவில்லை. என் கவனம் முறுக்குத் தட்டில் இருந்தது.

சூசையின் மனைவி எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "சார் ஒவ்வொரு வசனமா வாசிப்பாரு. நாம எல்லாரும், 'ஆண்டவரே, அப்படியே ஆகட்டும்'னு பதில் சொல்லணும். சத்தமா சொல்லுங்க."

தம்பி நூற்றெட்டைத் திறந்தான். கண்ணாடியைச் சரிசெய்தான். நான் போற்றும் கடவுளே, மௌனமாக இராதேயும் என்று வாசித்தான்.

"ஆண்டவரே, அப்படியே ஆகட்டும்" என்றார்கள் எல்லோரும். கணீரென்று இருந்தது. நிவேதிதா இளங்கோவைப் பார்த்துச் சிரித்தாள்.

இரண்டாவது வசனம்: பொல்லாதவனின் வாயும் பொய் பேசும் நாவும் எனக்கு எதிராகத் திறந்திருக்கின்றன.

"ஆண்டவரே, அப்படியே ஆகட்டும்."

கடித்த முறுக்கைத் தட்டிலேயே போட்டேன். தம்பியின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். "ஏலே, இது நூத்தி ஒம்பது."

"தெரியுதுக்கா" என்றான் உதடு அசையாமல்.

"நிறுத்திட்டு வேற எடு."

"கோர்ஸ்" என்றான்.

கோர்ஸ் மட்டும் காரணமில்லை, எனக்குத் தெரியும். நிறுத்தினால், எண்ணைச் சொல்லிவிட்டு வேறு மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதுவும் யார் முன்னால். பதினெட்டு வருடமாக அவன் காத்துவந்த ஒரே சொத்து போய்விடும். அதனால் நான்கு பின் போட்டு மூடி வைத்திருந்த அந்தச் சங்கீதத்துக்குள் கண்ணைத் திறந்துகொண்டே இறங்கினான்.

நான் அன்பு காட்டினேன், பதிலுக்கு அவர்கள் என்மேல் குற்றம் சாட்டினார்கள் என்கிற வசனம் வந்தது. அதைப் படிக்கும்போதே அவன் குரல் மாறியது. அது வாசிக்கிற குரலாக இல்லை. மெமோ வாங்கினவன் குரலாக இருந்தது.

பிறகு எட்டாம் வசனம். அவன் நாட்கள் குறைந்துபோகட்டும், அவன் பதவியை வேறொருவன் எடுத்துக்கொள்ளட்டும்.

"ஆண்டவரே, அப்படியே ஆகட்டும்" என்று பதினைந்து வீட்டுக்காரர்களும் கூரை அதிரச் சொன்னார்கள். லிஃப்ட் இரண்டு வாரமாக ஓடவில்லை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. ஒருவர் இரண்டு தடவை சொன்னார்.

சூசை முதல்முறையாக ஃபேனை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

அவன் மனைவி விதவையாகட்டும்.

சூசையின் மனைவி வாயைத் திறந்து, மூடி, கணவர் பக்கம் குனிந்து, "ஏங்க, இதுக்கும் நான் சொல்லணுமா?" என்று கேட்டார்.

அவன் பிள்ளைகள் வீடில்லாமல் அலைந்து திரியட்டும்.

"தினம் ரெண்டு பஸ் மாறி அதான் மாமா பண்ணிட்டிருக்கேன்" என்றான் இளங்கோ மெதுவாக. நிவேதிதா முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

வேம்புலியம்மாள் என் காதில், "இன்னா பெரியம்மா இவுரு, வவுறு எரிஞ்சிகினு படிக்கிறாரு. எனக்குக் குடுத்த சீட்டை இவுருக்குக் குடுத்திருக்கணும்" என்றாள்.

சாபங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டேயிருந்தன. பதில் சொல்கிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கோதண்டம் மட்டும் விடவில்லை. அவருக்கு அர்த்தம் புரியவில்லை, சாருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று தனியாகவே சொல்லிக்கொண்டிருந்தார். பதினெட்டாம் வசனம் வந்தது. சாபம் தண்ணீரைப் போல் அவன் வயிற்றுக்குள் இறங்கட்டும், எண்ணெயைப் போல் அவன் எலும்புக்குள் புகட்டும்.

சூசைமாணிக்கம் எழுந்து நின்றுவிட்டார்.

"இறங்கிச்சு சார். எலும்பு வரைக்கும் இறங்கிச்சு. மூணு நாள் ஏப்பம். பதினெட்டு வருஷம் கழிச்சு அதுக்கு வசனம் வேறயா?"

"ஆண்டவரே, அப்படியே ஆகட்டும்" என்றார் கோதண்டம்.

நிவேதிதா தலையைத் தூக்கினாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. கல்யாணம் முடிந்துவிட்டது, தொடங்குவதற்கு முன்னாலேயே, என்பது அவள் முகத்தில் தெரிந்தது. "அப்பா, போதும்ப்பா. வாங்க போலாம்" என்றாள்.

"இன்னும் பதிமூணு இருக்கும்மா" என்றான் அவன். மேலே வாசித்தான்.

இத்தனை வருடமாக அந்தப் பாட்டை மூடி வைத்தவன், அதன் பின்பாதியைப் படித்ததே இல்லை. இருபதாம் வசனத்தோடு திட்டு தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டுக்காரன் வேறு மாதிரிப் பேசுகிறான். நான் ஏழை, திக்கற்றவன், எனக்குள் என் இதயம் குத்துப்பட்டுக் கிடக்கிறது. சாயும் நிழலைப் போல் போய்க்கொண்டிருக்கிறேன். வெட்டுக்கிளியை உதறுவதுபோல் என்னை உதறிவிட்டார்கள். பட்டினி கிடந்து என் முழங்கால்கள் தளர்ந்துவிட்டன.

குத்துப்பட்டுக் கிடக்கிறது என்பதை அவன் இரண்டு முறை படித்தான். இரண்டாவது முறை முடிக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தான். யாரும் பதில் சொல்லவில்லை, கோதண்டம்கூட. மூக்கைச் சிந்திக்கொண்டு, மிச்சத்தையும் படித்தான். அவர்கள் சபித்தாலும் நீர் ஆசீர்வதியும் என்று வருகிறது, ஏழையின் வலப்பக்கத்தில் கடவுள் நிற்கிறார் என்று முடிகிறது. முப்பத்தொரு வசனம். புத்தகத்தை மூடினான்.



"மனசுல ஒண்ணுமில்லன்னு காட்டத்தான் வந்தேன்" என்றான் சூசையைப் பார்த்து, நேராக. "இருந்திருக்கு. நிறைய இருந்திருக்கு. எனக்கே இப்பத்தான் தெரியுது. அது கோவம்னு நெனச்சேன். அடியில கெடந்தது வேற. ஒருத்தன்கூட நீ அப்படிச் செய்யிற ஆள் இல்லன்னு சொல்லலியேங்கிற வருத்தம்." பிறகு நான் அவன் வாயிலிருந்து கேட்பேன் என்று நினைக்காத ஒன்றைச் சொன்னான். "இன்னொண்ணும் சொல்லிருதேன். நூத்தியெட்டுன்னு சொல்லிட்டு நூத்தி ஒம்பதைக் குடுத்துட்டேன். தப்பான மருந்து. என் கையாலதான்."

சூசை வந்து புத்தகத்தை வாங்கினார். பக்கத்தைத் தேடிப் பிரித்தார். விரலை வைத்துப் பார்த்தார். தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இல்லியே சார். நூத்தியெட்டுன்னுதான் போட்டிருக்கு."

தம்பி எட்டிப் பார்த்தான். போட்டிருந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்பதும் பத்தும் சேர்ந்த கதை நினைவுக்கு வந்தது. சொன்னேன். பதினைந்து வீட்டுக்காரர்களும் புத்தகத்தைச் சுற்றிக் குனிந்தார்கள்.

"அப்ப நீங்க சரியான நம்பர்தான் சொல்லியிருக்கீங்க" என்றார் சூசை. "மேல ஒட்டினது சரி. உள்ள இருந்ததுதான் வேற." சொல்லிவிட்டுப் புத்தகத்தின் துணியைத் தடவிப் பார்த்தார். அவர் மனதில் ஒரு பாட்டில் வந்து நின்றிருக்க வேண்டும். "அன்னிக்கும் இதே மாதிரிதான் இருந்திருக்குமோ?" என்றார்.

"லேபிள் ஒட்டுறது பின்னறையில. அதத்தான் அன்னைக்கும் சொன்னேன்."

"கேக்கல சார் நான். வயிறு எரிஞ்சதுல கேக்கத் தோணல. பேப்பரத்தான் எடுத்தேன்." சூசை உட்கார்ந்தார். "இன்னொண்ணு நான் புகார்ல எழுதாம விட்டுட்டேன். அந்த இருமல் போயிடுச்சு. அதுக்கப்புறம் வரவே இல்ல."

முதலில் சிரித்தது சூசையின் மனைவி. விதவையாகச் சபிக்கப்பட்ட அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் பழத்தட்டிலிருந்து ஆப்பிள் உருண்டது. பிறகு எல்லோரும். வேம்புலியம்மாள், "அந்த எண்ணெய் இப்போ கீதா சார்? எங்கூட்டுக்காரருக்கு ஒரு வருசமா இருமல்" என்று கேட்டாள்.

தேதி அன்றைக்கே குறித்தார்கள். வருகிற தை மாதம்.

அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். சூசைமாணிக்கமும் என் தம்பியும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்கள். அழுத கண்ணீர் வாசலைத் தாண்டிப் படியில் இறங்கியது, கீழ்த்தளத்துக்காரர்கள் தண்ணீர்த் தொட்டி உடைந்துவிட்டது என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள், மாங்காட்டில் அன்று தண்ணீர் லாரிக்கே வேலையில்லை.

இந்த இடத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த தங்கபுஷ்பம் தாளை இழுத்துப் படித்தாள்.

"மைனி, யாரு கட்டிப்பிடிச்சா? ரெண்டு பேரும் செவத்தப் பாத்துக்கிட்டுல்லா நின்னாவ. பொறவு சம்பந்தி, 'காப்பிக்குச் சீனி எவ்வளவு சார்'னு கேட்டாரு. இவிய, 'ரெண்டு கரண்டி'ன்னாவ. இவியளுக்குச் சக்கர வியாதி, வீட்டுல நான் அரைக் கரண்டி குடுக்க மாட்டேன். அன்னைக்கு மட்டும் ஒண்ணும் சொல்லாம இருந்துட்டேன். அம்புட்டுதான் நடந்துச்சு."